பல்பு போனால் டார்ச் லைட் போச்சா?

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. பல்பு போனால் டார்ச் லைட்டும் போச்சு என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம்.

தாத்தா காலத்து டார்ச் லைட் அது. பித்தளை உடம்பு. மேலே வெள்ளி போன்ற நிக்கல் பூச்சு. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். நாற்பது வருஷம் உழைத்திருக்கும். ஒரு நாள் இரவு விசையைத் தள்ளினால் வெளிச்சம் வரவில்லை. கட்டையை மாற்றிப் பார்க்கிறார்கள். அப்போதும் வரவில்லை. பக்கத்துக் கடையில் பல்பு கேட்கிறார்கள். "அதெல்லாம் இப்போ வர்றதில்லை" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். டார்ச் லைட் பரணுக்குப் போகிறது. பிறகு ஒரு நாள் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்பவரின் கூடைக்குப் போகிறது.

உண்மையில் அந்த டார்ச் லைட்டில் கெட்டது என்ன? ஒரு மயிரிழையைவிட மெல்லிய கம்பி அறுந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. சுண்டு விரல் நுனி அளவு பல்பு ஒன்று கிடைத்தால், அது மறுபடியும் வெளிச்சம் தரும். அந்தப் பல்பு இன்றும் கிடைக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டால் கிடைக்கிறது.

அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறோம்.

உயிர் காக்கும் வெளிச்சம்

"கைப்பேசியிலேயே லைட் இருக்கிறதே, டார்ச் லைட் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் அது கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வழி இல்லை. அந்த இரவுகளில் இரண்டு கட்டை போட்ட டார்ச் லைட் வைத்திருந்தவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பாம்பு!

2000 முதல் 2019 வரை, இருபது வருஷங்களில், இந்தியாவில் சுமார் 12 இலட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2020-ல் வெளியான ஆய்வு இது. சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர்! இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். பாதிப் பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் இறந்தவர்கள்.

கட்டு விரியன் இரவில் நடமாடும் பாம்பு. கண்ணாடி விரியனும் இருட்டில் வரப்பிலும் புல்லிலும் கிடக்கும். வேண்டுமென்று தேடி வந்து கடிப்பதில்லை. தெரியாமல் மிதித்தால் கடிக்கிறது. "இரவில் நடக்கும்போது கையில் விளக்கு வைத்துக் கொள்ளுங்கள்" என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் அப்பாவும், கொல்லைப் பக்கம் போகும் பாட்டியும், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

கைப்பேசியின் லைட் பக்கத்தில் இருப்பதைக் காட்டும். பத்தடி தள்ளி வரப்பில் கிடப்பது கயிறா, பாம்பா என்று சொல்ல, குவிந்து பாயும் டார்ச் வெளிச்சம்தான் வேண்டும். மழையிலும் சேற்றிலும் விலை உயர்ந்த கைப்பேசியை நீட்டிக் கொண்டு நடக்கவும் முடியாது.

முதலில் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்!

டார்ச் லைட் எரியவில்லை என்றால் உடனே பல்பின் மேல் பழி போட வேண்டாம். பல சமயம் பல்பு நன்றாகவே இருக்கும்.

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு கம்பிகள் நிற்கும். அவற்றின் நடுவே மெல்லிய சுருள் இழை ஒன்று இருக்கும். அந்த இழை அறுந்து தொங்கினால் பல்பு பியூஸ் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடியின் உட்புறம் கறுத்திருந்தாலும் பல்பின் ஆயுள் முடிகிறது என்று தெரிந்து கொள்ளலாம். இழையிலிருந்து ஆவியாகிப் போன உலோகம்தான் கரியைப் போலக் கண்ணாடியில் படிந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியவில்லையா? ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நல்ல கட்டை ஒன்றும், துண்டு ஒயர் ஒன்றும் போதும். கட்டையின் தலையில் இருக்கும் குமிழின் மேல் பல்பின் அடிப் பொட்டை வையுங்கள். ஒயரின் ஒரு முனையைக் கட்டையின் அடியில் அழுத்துங்கள். மறு முனையைப் பல்பின் பித்தளைக் கழுத்தில் தொடுங்கள். இரண்டு கட்டைப் பல்பாக இருந்தால் மங்கலாக எரியும். எரிந்தால் பல்பு நல்ல பல்பு!

அப்படியானால் கோளாறு எங்கே? பெரும்பாலும் கட்டை கசிந்து உப்புப் பூத்திருக்கும். டார்ச் கட்டையின் ஓடு துத்தநாகம். உள்ளே நடக்கும் இரசாயன மாற்றத்தில் அந்தத் துத்தநாகமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மின்சாரம் தருகிறது. தீர்ந்த கட்டையை மாதக் கணக்கில் உள்ளேயே விட்டால் ஓடு ஓட்டையாகிக் கசியும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படியும். மின்சாரம் பாய வழி அடைபட்டுவிடும்.

இதற்கு மருந்து உப்புத்தாள். ஸ்பிரிங், பின்மூடியின் உட்புறம், பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு, அது தொடும் தகடு ஆகிய நான்கு இடங்களையும் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். விசையைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். செத்ததாக நினைத்த டார்ச் லைட் பல வீடுகளில் இப்படியே எரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பல்பைச் சோதிக்கிறேன் என்று வீட்டு மின்சாரத்தில் யாரும் தொட்டுப் பார்க்கக் கூடாது. சுவரில் வருவது 230 வோல்ட். டார்ச் பல்புக்கு வேண்டியது இரண்டரை வோல்ட். பல்பு வெடிக்கும். ஆளுக்கும் ஆபத்து. குழந்தைகளிடம் இதை அழுத்திச் சொல்லி வையுங்கள்.

கழுத்தில் இருக்கிறது ஜாதகம்

பல்பு பியூஸ் போனது நிச்சயம் என்றால், அதைத் தூக்கி எறியாதீர்கள். செத்த பல்புதான் புதுப் பல்புக்கு வழிகாட்டி.

அதன் பித்தளைக் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பூதக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம். "2.5 வோல்ட், 0.3 ஆம்பியர்" என்பது போல ஆங்கில எழுத்தில் இருக்கும். இதுதான் பல்பின் ஜாதகம்.

வோல்ட் என்றால் என்ன? ஆம்பியர் என்றால் என்ன? ஊரில் இருக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளப்படும். அந்தத் தள்ளும் வேகம் போன்றது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைப் போன்றது ஆம்பியர்.

ஒரு புதுக் கட்டையில் ஒன்றரை வோல்ட் இருக்கும். இரண்டு கட்டை என்றால் மூன்று வோல்ட். அப்படியானால் பல்பில் ஏன் இரண்டரை வோல்ட் என்று போட்டிருக்கிறது? விளக்கு எரியத் தொடங்கியதும் கட்டையின் வேகம் கொஞ்சம் தணிந்துவிடும். அந்தத் தணிந்த வேகத்துக்கு ஏற்றபடி பல்பைச் செய்திருக்கிறார்கள்.

எழுத்து அழிந்து போயிருந்தால் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. எத்தனை கட்டையோ அதை 1.2 ஆல் பெருக்குங்கள். இரண்டு கட்டைக்கு 2.4 வரும். கடையில் 2.2 முதல் 2.5 வோல்ட் வரை உள்ள பல்பு சரிப்படும். மூன்று கட்டைக்கு 3.6 வரும். 3.6 முதல் 3.8 வோல்ட் பல்பு வாங்கலாம். நான்கு கட்டைக்கு 4.8 வோல்ட். ஐந்து கட்டை நீள டார்ச்சுக்கு 6 வோல்ட்.

அடுத்தது ஆம்பியர். 0.3 ஆம்பியர் பல்பு நிதானமாக எரியும். கட்டை நாள்படும். 0.5 ஆம்பியர் பல்பு பிரகாசமாக எரியும். ஆனால் கட்டை சீக்கிரம் தீரும். பெருங்கட்டை போடும் டார்ச்சுக்கு இரண்டும் ஆகும். ஆனால் பிளாஸ்டிக்கால் ஆன பழைய டார்ச் என்றால் 0.5 ஆம்பியர் பல்பின் சூட்டில் உள்ளே இருக்கும் கிண்ணம் உருகக் கூடும். அதற்கு 0.3 ஆம்பியரே போதும்.

பொருத்தம் இல்லாத கல்யாணம்!

ஜாதகம் பார்க்காமல் பல்பை மாட்டினால் என்ன ஆகும்?

சைக்கிள் கடையில் டைனமோ லைட்டுக்கு ஒரு பல்பு விற்பார்கள். டார்ச் பல்பைப் போலவே இருக்கும். மரையும் ஒரே அளவு. டார்ச்சில் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் அது 6 வோல்ட் பல்பு. இரண்டு கட்டை தருவதோ மூன்று வோல்ட். பாதி வோல்ட்தானே, பாதி வெளிச்சம் வரும் என்று நினைப்பீர்கள். வராது! வோல்ட் பாதியானால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செக்கச் சிவந்த புழுவைப் போல இழை மட்டும் தெரியும். "டார்ச்சே கெட்டுவிட்டது" என்று பலரும் ஏமாந்து போவது இங்கேதான்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. மூன்று கட்டை டார்ச்சில் இரண்டு கட்டைப் பல்பைப் போட்டால் பளீரென்று வெள்ளையாக எரியும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அற்ப ஆயுளில் அறுந்து போகும். வோல்ட் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

மங்கலாக எரியும் பல்பு நீண்ட நாள் வாழும் என்பதற்கு ஒரு அதிசய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்ற ஊர். அங்கே தீயணைப்பு நிலையத்தில் 1901-ல் ஏற்றிய ஒரு பல்பு நூறு ஆண்டுகளைத் தாண்டியும் எரிந்து கொண்டிருந்தது. வெளிச்சம் மிகவும் மங்கல். ஆயுளோ நூறைத் தாண்டியது! ஆனால் பாம்பைப் பார்க்க அந்த வெளிச்சம் உதவாது. நமக்கு வேண்டியது பொருத்தமான பல்பு.

மரையா, மரை இல்லாததா?

வோல்ட் தெரிந்தது. அடுத்து பல்பின் அடிப்பாகத்தைப் பாருங்கள். முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று மரை பல்பு. கழுத்தில் திருகு மரை இருக்கும். குறுக்களவு 10 மில்லி மீட்டர். இதற்கு "இ-10" என்று பெயர். "இ" என்பது எடிசன் பெயரின் முதல் எழுத்து. மின் விளக்கைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்த அதே தாமஸ் ஆல்வா எடிசன்தான்! அவருடைய திருகு மரையின் சின்ன வடிவம் நம் வீட்டு டார்ச் லைட்டுக்குள் இருக்கிறது.

இன்னொன்று மரை இல்லாத பல்பு. வழவழப்பான கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலரைப் போல ஒரு தகடு நீண்டிருக்கும். டார்ச்சின் கிண்ணத்துக்குள் இதைச் சொருகினால் தகடு பிடித்துக் கொள்ளும். இதன் எண்கள் "பி.ஆர்." என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும். பி.ஆர். 2 என்பது இரண்டு கட்டைக்கு, 0.5 ஆம்பியர். பி.ஆர். 6 என்பது இரண்டு கட்டைக்கு, 0.3 ஆம்பியர். பி.ஆர். 3 மூன்று கட்டைக்கு. பி.ஆர். 13 நான்கு கட்டைக்கு.

தகடு எதற்காக? வெளிச்சம் குவிவதற்காக. டார்ச்சின் உள்ளே பளபளக்கும் கிண்ணத்துக்குச் சரியான ஒரு புள்ளி உண்டு. இழை அந்தப் புள்ளியில் இருந்தால் வெளிச்சம் அம்பு போல நேராகப் பாயும். கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலும் நடுவில் கறுப்பு வட்டம் விழும். இழை எப்போதும் அந்தப் புள்ளியில் இருக்கும்படி தகட்டை அளந்து வைத்திருக்கிறார்கள். மரை பல்பு போட்ட பல டார்ச்சுகளில் தலையைத் திருகி நாமே குவித்துக் கொள்ளலாம். புதுப் பல்பு போட்டதும் சுவரில் அடித்துப் பார்த்துத் தலையைத் திருகுங்கள். கறுப்பு வட்டம் மறையும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

"பளிச்" என்று ஒரு பெயர்

டார்ச் லைட்டை அமெரிக்கர்கள் "பிளாஷ் லைட்" என்கிறார்கள். பளிச்சென்று அடித்து மறையும் விளக்கு என்று பொருள். ஏன் அந்தப் பெயர்?

நியூயார்க்கில் இருந்த டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயர் 1899-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி கை விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். காகிதக் குழாய்க்குள் மூன்று கட்டைகள், ஒரு முனையில் பல்பு, அதைச் சுற்றிப் பித்தளைக் கிண்ணம். இன்றைய டார்ச்சின் உருவம் அன்றே வந்துவிட்டது. ருஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த கான்ராட் ஹ்யூபர்ட் என்பவரின் கம்பெனி அதைச் செய்து விற்றது. நியூயார்க் போலீஸ்காரர்களுக்குச் சில விளக்குகளைக் கொடுத்து எரித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தக் கம்பெனிதான் பின்னால் "எவர் ரெடி" என்று பெயர் பெற்றது. நம் ஊர்க் கடைகளில் பழகிய "எவரெடி" என்ற பெயரின் மூலம் அதுதான்.

ஆனால் அந்த நாள் கட்டைக்கு வலு இல்லை. பல்பின் இழையும் கரியால் ஆனது. விடாமல் எரித்தால் வெளிச்சம் மங்கிவிடும். கொஞ்ச நேரம் எரித்து, கொஞ்ச நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால்தான் "பிளாஷ்" என்ற பெயர்.

அந்தக் குறையைத் தீர்த்தது டங்ஸ்டன் என்ற உலோகம். உருகுவதற்கு 3,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வில்லியம் கூலிட்ஜ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இந்த முரட்டு உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியை 1910 வாக்கில் கண்டுபிடித்தார். நம் தாத்தாவின் டார்ச் லைட்டில் எரிந்து அறுந்த இழை அந்த டங்ஸ்டன்தான்.

எங்கே தேடுவது?

முதல் இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. டார்ச்சின் பின்மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பழைய டார்ச்சுகள் பலவற்றில், ஸ்பிரிங்குக்கு நடுவே உபரிப் பல்பு ஒன்றைச் செருகி வைக்க இடம் விட்டிருப்பார்கள். தாத்தா அங்கே ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கலாம்! ஊரெல்லாம் தேடிய பல்பு வீட்டிலேயே கிடைப்பதும் உண்டு.

அங்கே இல்லை என்றால் கடைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் கடையில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, டார்ச் லைட் பல்பு ஒண்ணு குடுங்க."

"எத்தனை கட்டை தம்பி?"

"தெரியலையே, பழைய லைட்டு."

"மரை இருக்கா, இல்லையா?"

"பாக்கலையே அண்ணாச்சி!"

"அப்ப லைட்டை எடுத்துக்கிட்டு வாங்க."

அண்ணாச்சி சொன்னதே சரியான வழி. டார்ச்சையும் செத்த பல்பையும் கட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். "ரெண்டு கட்டை, மரை பல்பு, 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர்" என்று கேளுங்கள். கடைக்காரர் டப்பாவைத் துழாவ ஆரம்பிப்பார். கடையிலேயே மாட்டி, எரித்துப் பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்கு நான்காக வாங்கி வைத்துக் கொண்டால் இன்னும் நல்லது.

எந்தக் கடை? புதுப் பளபளப்புக் கடைகளில் தேட வேண்டாம். ஊரில் பழைய எலக்ட்ரிக் கடை எது என்று விசாரியுங்கள். குடை, பூட்டு, டார்ச் லைட் ரிப்பேர் செய்ய நடைபாதையிலும் வாரச் சந்தையிலும் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்களுடைய தகர டப்பாவில் எல்லா வகைப் பல்பும் கிடக்கும். பழைய லைட்டைச் சுத்தம் செய்து கொடுப்பதும் அவர்கள்தான்.

பலருக்குத் தோன்றாத இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அறிவியல் செய்முறைச் சாமான்கள் விற்கும் கடை! கட்டை, ஒயர், பல்பு வைத்து மின்சுற்றுச் செய்யச் சொல்லிப் பாடம் இருக்கிறதல்லவா? அதற்காக விற்கும் மரை பல்பு, டார்ச் லைட்டுக்கும் பொருந்தும். வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெரு இருக்கிறது. சந்து சந்தாக மின்னணுச் சாமான் கடைகள். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பழைய சாமான்களுக்கு மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-ல் அது தீயில் அழிந்தது. இப்போது வெளியூரில் இருப்பவர்கள் கைப்பேசி வழியாகவும் வரவழைக்கிறார்கள். அப்படி வாங்கும்போது "டார்ச் பல்பு" என்று மட்டும் தேடினால் போதாது. "இ-10, 2.5 வோல்ட்" என்றோ "பி.ஆர். 2" என்றோ ஜாதகத்தைச் சொல்லித் தேட வேண்டும்.

எல்.இ.டி. போடலாமா?

பழைய பல்புகள் கடையில் குறைந்ததற்குக் காரணம் எல்.இ.டி. விளக்கு. இதில் அறுந்து போக இழையே கிடையாது. கட்டையும் பல மடங்கு நாள்படும். வெள்ளை எல்.இ.டி. பிறக்க வழி செய்தது நீல எல்.இ.டி. அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இப்போது வரும் சின்ன டார்ச்சுகள் பலவற்றில் விளக்கைக் கழற்றவே முடியாது. உள்ளே ஒன்று கெட்டால் முழு டார்ச்சும் குப்பை. தாத்தாவின் டார்ச்சிலோ ஒவ்வொரு பாகமும் கழலும். ஒவ்வொன்றையும் மாற்றலாம். அதனால்தான் அது நாற்பது வருஷம் உழைத்தது.

அந்தப் பழைய உடம்பில் புது எல்.இ.டி.யைப் பொருத்த முடியுமா? முடியும். இ-10 மரையிலும், பி.ஆர். வகைத் தகட்டிலும் எல்.இ.டி. பல்புகள் வந்திருக்கின்றன. வாங்குமுன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: வெள்ளை எல்.இ.டி. எரியச் சுமார் மூன்று வோல்ட் வேண்டும். இரண்டு கட்டை கொஞ்சம் தேய்ந்தாலே வோல்ட் அதற்குக் கீழே போய்விடும். ஆகவே எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை எரியும் என்று உறையில் போட்டிருப்பதைப் படியுங்கள். இரண்டு கட்டை டார்ச்சுக்கு, இரண்டு வோல்ட்டிலும் எரியும் என்று போட்ட பல்பே உதவும்.

இரண்டு: பழைய பல்புக்குக் கட்டையை எந்தப் பக்கம் போட்டாலும் எரியும். எல்.இ.டி. அப்படி இல்லை. தலைகீழாகப் போட்டால் எரியாது. கட்டையின் குமிழ் பல்பைப் பார்க்கும்படி போட வேண்டும். எரியவில்லை என்றால், பல்பைத் திட்டுவதற்கு முன் கட்டையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

மூன்று: வெளிச்சம் குவியும் விதம் மாறலாம். பழைய கிண்ணம் சின்ன இழைக்காகச் செய்தது. சில எல்.இ.டி. பல்புகளில் வெளிச்சம் பரவிப் போகும், நெடுந்தூரம் பாயாது. வீட்டுக்குள் பயன்படுத்தப் பரவும் வெளிச்சம் நல்லது. வயலுக்குப் போகிறவர் கடையிலேயே தூரத்துச் சுவரில் அடித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

ஐந்து நிமிஷ வேலை

டார்ச் லைட் மறுபடி எரியத் தொடங்கிவிட்டதா? அதைக் காப்பாற்றுவது கஷ்டம் இல்லை.

மாதம் ஒரு முறை எரித்துப் பாருங்கள். வெகு நாள் தேவைப்படாது என்றால் கட்டைகளைக் கழற்றித் தனியாக வையுங்கள். புதுக் கட்டையையும் பழைய கட்டையையும் கலந்து போடாதீர்கள். பழையது சீக்கிரம் கசியும். உபரிப் பல்பு ஒன்றைத் துணியில் சுற்றிப் பின்மூடிக்குள் வையுங்கள். அதற்கு இடம் இல்லாவிட்டால் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதில் போட்டு, விளக்கோடு சேர்த்து வையுங்கள். பல்பின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி டார்ச்சின் உடம்பில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை யார் கடைக்குப் போனாலும் சரியாகக் கேட்டு வாங்குவார்கள்.

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் அதை வையுங்கள். இருட்டில் தேடும்படி இருந்தால் விளக்கினால் பயன் இல்லை.

வெளிச்சம் இருந்தும் பாம்பு கடித்துவிட்டால், காயத்தைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, மந்திரிக்கவும் போகக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். பித்தளை டார்ச் ஒன்று தூசியோடு கிடந்தால் கீழே இறக்குங்கள். பல்பின் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் படிக்கிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.